எடைக்கு எடை கருப்பட்டி

கூடத்தில் எங்கள் முன்னோர் ஐவரின் படங்களுக்குக் கீழே என் பேத்தியின் இதயத்தை வைக்க இடம் கேட்டு வந்தார்கள்.

உண்மையான இதயம் அல்ல. அது குழல்வாய்மொழியின் நெஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. வந்தது ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் நுங்குபோல் வழுவழுப்பான பொருளால் செய்த இதயம் ஒன்று மிதந்தது. குழலியின் தோளெலும்புக்குக் கீழே ஒட்டிய மெல்லிய பட்டை அவளுடைய இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இதயச் சுவரின் தடிமனையும் அளந்து அனுப்பும். ஜாடிக்குள் இருப்பதும் அப்படியே துடிக்கும். அவள் மாடிப்படி ஏறினால் கூடத்தில் ஜாடிக்கு மூச்சு வாங்கும். நலமான இதயம் ரோஜா நிறத்தில் இருக்கும். பாரம் கூடக்கூடக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால், இதே உடம்போடும் இதே சாப்பாட்டோடும் இருபத்தைந்து வயதில் இந்த இதயம் எப்படி இருக்கும், நாற்பதில் எப்படி இருக்கும் என்று உப்பியும் தொய்ந்தும் காட்டும்.

உடல் பருத்த பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அந்த வருடம் ஜாடி வந்தது. 'நிழல் இதயம்' என்று பெயர். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கூடத்துக்கு வந்துவிட்ட பொருள் கொடுத்தவருடைய எண்ணத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. விருந்தாளிகள் எங்கள் முகத்தைப் பார்க்குமுன் ஜாடியைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு திருகில் கை வைத்தார்கள். தென்காசிக் கடைத்தெருவில் ஜாடிக்குச் சரிகை உறை விற்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஜாடி வீட்டுப் பிள்ளைகளுக்குக் 'கத்தரிக்கா' என்று பெயர் வந்தது.

"எங்க வீட்டுக் கூடத்துல இதெல்லாம் வைக்கிற வழக்கமில்ல" என்றேன்.

ஜாடியைக் கொண்டுவந்தவர் டாக்டர் நஸ்ரின். கடையநல்லூர்க்காரர், இளையோர் இதய மையத்தில் மருத்துவர். என் மகள் வயது இருக்கும். யாருக்கும் அசையாத பெண் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"அப்போ வேற எங்கய்யா வைக்கலாம்?"

"தொழுவத்துல எடமிருக்கு."

"எருமை மிரளும் தாத்தா" என்றாள் குழலி. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த இடத்தில் பேச்சு தேவையில்லை. ஆனால் அவள் பேசுவாள்.

"ஐயா, கொஞ்சம் கேளுங்க" என்றார் டாக்டர். "உடம்பு பெருத்தா அத்தனை சதைக்கும் ரத்தம் போய்ச் சேரணும். இதயம் ராவும் பகலும் ஓவர்டைம் பாக்கும். மூட்டை தூக்குறவங்களுக்குப் புஜம் தடிக்கும் பாத்திருக்கீங்களா? அந்த மாதிரி இதயச் சுவரும் தடிச்சுப்போகும். புஜம் தடிச்சா அழகு. இதயம் தடிச்சா அது சரியா விரியாது, ரத்தம் நிரம்பாது. குழலிக்கு இப்பவே அழுத்தம் கூடுதலா இருக்கு. சுவரும் தடிக்க ஆரம்பிச்சிருக்கு."

"எங்க வம்சத்துல யாருக்கும் நெஞ்சுவலின்னு ஒண்ணு வந்ததே கிடையாது."

"உங்க அண்ணன் எப்படித் தவறினாங்க?"

"தூக்கத்துல. ராஜா மாதிரி."

"உங்க அப்பா?"

"பந்தியில. எலையில கை இருக்கும்போதே. அதுவும் ராஜா மாதிரிதான்."

"அந்த ராஜாக்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள என்ன நின்னுச்சுன்னு யாரும் பாக்கலையாய்யா?"

குழலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் மருமகள் செண்பகவல்லி காப்பி எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்க்காமல் இல்லை.

டாக்டர் குழலி பக்கம் திரும்பினார். "பயப்படாதம்மா. இந்த வயசு இதயம் பச்சை மண்ணு மாதிரி, திருத்தி எடுக்கலாம். பத்துல ஒரு பங்கு எடை இறங்கினாலே அழுத்தம் இறங்கும், சுவரும் இளைக்கத் தொடங்கும். நாப்பது வயசுல என்கிட்ட வந்தா மருந்து குடுப்பேன். இப்ப வந்திருக்க, நடையும் நல்ல சாப்பாடும் குடுக்கறேன். ஆனா பட்டினி மட்டும் கிடக்காத. பட்டினி கிடந்தா இதயத்தோட சதையே கரைய ஆரம்பிச்சிரும். மெதுவா இறங்கணும்."

"பங்குனி கழியட்டும்" என்றேன் நான்.

"இப்ப வைகாசிதானேய்யா?"

"ஆமா. பங்குனி கழியட்டும்."

அவருக்கு விளங்கவில்லை. வெளியூர் ஆட்கள் எவருக்கும் விளங்குவதில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சாஸ்தாவுக்குப் பங்குனி உத்திரத்தன்று துலாபாரம் உண்டு. மேலவீடு, கீழவீடு என்று உரிமையுள்ளவை இரண்டு வீடுகள்தான். அந்த வருடம் பதினைந்து நிறையும் பிள்ளையைத் தராசின் ஒரு தட்டில் உட்கார்த்தி, மறுதட்டில் எடைக்கு எடை கருப்பட்டி வைக்க வேண்டும். அந்தக் கருப்பட்டியை அண்டாவில் கரைத்துப் பானகமாக்கி, வந்த கூட்டம் முழுவதும் குடிக்கும். பிள்ளை பருமனாக இருந்தால் அண்டா நிரம்பும். பிள்ளை ஒல்லி என்றால் கடைசி ஆள் வருமுன் அண்டாவின் அடி தெரிந்துவிடும். என் சிறுவயதில் கீழவீட்டு அண்டாவில் ஒருமுறை அடி தெரிந்தது. அதன்பிறகு அந்த வீட்டுக்காரர்கள் வெகுகாலம் கல்யாணப் பந்திகளில் தலையைக் குனிந்தே சாப்பிட்டார்கள்.

மேலவீட்டு அண்டாவில் அடி தெரிந்ததே இல்லை. எங்கள் மேலவீட்டுக்கு இப்போது நான்தான் மூத்தவன். ஆவுடையப்பன் என்று என் பெயர் சொன்னால் போதும், மலையடிவாரத்தில் வீடு காட்டுவார்கள். அந்தத் தட்டுக்காகவே பேத்தியை ஊட்டி ஊட்டி வளர்த்தோம் என்று ஊர் சொன்னது கொஞ்சம் மிகை. வேறு காரணங்களும் இருந்தன.

அந்தப் பங்குனிக்கு இரண்டு வீட்டிலும் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தது. எங்களுக்குக் குழலி. கீழவீட்டில் என் மைத்துனர் சிவனணைந்தபெருமாளின் பேரன் வேலாயுதம். அவன் குழலியைவிட ஒரு சுற்று பெரியவன். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் உண்மை.

ஜாடியைக் கூடத்திலேயே வைத்துவிட்டார்கள். ஒரு நாள் மாலை குழலி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திருகு நாற்பதில் இருந்தது. உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மூட்டை மெல்ல எழும்பி, நடுங்கி, தொய்ந்து விழுந்தது.

"தாத்தா, இதுக்கு நாப்பது வயசாம். அம்மாவைவிடச் சின்னது" என்றாள். "கைப்பிடிச்சுக் கைப்பிடிச்சு எந்திரிக்கிற மாதிரி இருக்குல்லா?"

"திருகைத் தொடாதே."

"தொடாட்டி வராதா தாத்தா?"

என் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து ஜாடியை மூடினேன். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட ஒரு தோசை குறைவாகச் சாப்பிட்டாள். நான் இன்னொரு தோசை வைக்கச் சொன்னேன்.

ஆடியில் கோயில் குழு வெற்றிலை வைக்க வந்தது. துலாபாரத்துக்குப் பிள்ளை தயாரா என்று வீட்டுக்கு வந்து பார்த்து, தாம்பூலம் கொடுத்து உறுதி செய்யும் வழக்கம் அது. அந்த வருடம் ஒரு புது விதி சேர்த்திருந்தார்கள். ஜாடி நிறம் மாறிய பிள்ளையைத் தட்டில் ஏற்றி, சாமி சந்நிதியில் ஏதேனும் ஆகிவிட்டால் யார் பொறுப்பு? ஆகவே ஜாடியையும் பார்ப்பார்களாம். பிள்ளை பருமனாகவும் இருக்க வேண்டும், ஜாடி ரோஜாவாகவும் இருக்க வேண்டும். குழுவில் சிவனணைந்தபெருமாளும் ஒருவர்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன்.

"அந்தப் பட்டையைக் கழற்று" என்றேன் குழலியிடம்.

"யாருக்கு ஒட்டப்போறிய?"

"அது உனக்கெதுக்கு? தொழுவத்துல போய் இரு. கூப்பிடும்போது வந்தாப் போதும்."

எழுபத்திரண்டு வயதிலும் நான் கோலூன்றியதில்லை. ஒல்லியான உடம்பு, நேரான முதுகு, இரண்டு வேளைச் சாப்பாடு. பருத்தவர்கள் நிறைந்த வீட்டில் நான் ஒருவன்தான் பிறவி ஒல்லி. என் பதினைந்தாம் வயதில் எனக்குப் பதிலாக அண்ணனைத்தான் தட்டில் ஏற்றினார்கள். சிறுவயதில் குறையாகத் தெரிந்த உடம்பு இப்போது வீட்டு மானத்துக்கு உதவட்டும் என்று எண்ணினேன். பட்டையை என் மார்பில் ஒட்டி, அதன்மேல் அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் அமர்ந்தேன்.

ஜாடி ரோஜா நிறமானது. துடிப்பு நிதானமாக, கோயில் மணிபோல் விழுந்தது. குழுவினர் வெற்றிலையை மறந்து அதையே பார்த்தார்கள்.

"என்னவே அத்தான்!" என்றார் சிவனணைந்தபெருமாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. "உம்ம பேத்தி இதயம் யானை நடையில்லா நடக்கு!"

"மேலவீட்டு இதயம்" என்றேன்.

ஜாடி ஒரு துடிப்பை விட்டுவிட்டது.

எல்லாரும் பார்த்தார்கள். அடுத்தது வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். உடனே ஜாடி இரண்டு துடிப்பை விட்டது. பிறகு கடனைத் தீர்ப்பதுபோல மூன்றை அவசரமாகத் துடித்தது. ரோஜா நிறம் மெல்லச் சாம்பல் ஆனது. இது கத்தரிப்பூவைவிட மோசமான நிறம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

"நின்னு நின்னு போகுதே, கரண்டு போயிட்டோ?" என்றார் குழுவில் ஒருவர்.

"பிள்ளை மாடி ஏறியிருப்பா" என்றேன்.

"மாடி ஏறினா வேகமால்லா அடிக்கும்? இது தூங்குதுவே!"

நான் உட்கார்ந்த நிலையை மாற்றினேன். ஜாடி விக்கியது. பேச்சை மாற்ற அதிரசத் தட்டை நகர்த்தினேன். அவர்கள் அதிரசத்தை எடுத்தார்களே ஒழிய, கண்ணை ஜாடியிலிருந்து எடுக்கவில்லை.

அதிரசம் தீருமுன் தெருவில் ஊளைச் சத்தம் கேட்டது. பதினைந்து வயதுப் பெண்ணின் இதயம் விட்டுவிட்டுத் துடிக்கிறது என்று பட்டை மையத்துக்குச் சொல்லியிருக்கிறது. ஆம்புலன்ஸ் எங்கள் வாசலில் நின்றது. டாக்டர் நஸ்ரின் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடிவந்தார்.

"குழலி எங்க? எங்கய்யா குழலி?"

தொழுவத்திலிருந்து குழலி வந்தாள். கையில் வைக்கோல்.

"அசையாத! அப்படியே படு! தலை சுத்துதா? கண்ணு இருட்டுதா?"

எதிரே கோயில் குழு. வாசலில் தெரு முழுவதும். எல்லாருக்கும் முன்னால் சிவனணைந்தபெருமாள், கையில் கடித்த அதிரசத்தோடு. நான் அங்கவஸ்திரத்தை விலக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை பங்குனிவரை ஊர் மென்றாலும் தீராது. நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை.

குழலி என்னைப் பார்த்தாள். அவள் கண் என் கழுத்தோரம் வந்து நின்றது. பட்டையின் நுனி அங்கே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவள் வைக்கோலைக் கீழே போட்டாள், நெஞ்சில் கை வைத்தாள், "ஐயோ, அம்மா!" என்றாள். பள்ளி ஆண்டுவிழாவில்கூட அவ்வளவு மோசமாக யாரும் நடித்ததில்லை. ஆனால் கூட்டம் நம்பிவிட்டது. செண்பகவல்லி அலறிய அலறல் நடிப்பில்லை.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கதவை மூடியதும் டாக்டர் புதுப் பட்டை ஒன்றைக் குழலியின் நெஞ்சில் ஒட்டினார். திரையில் அவளுடைய இதயம் தெரிந்தது. கத்தரிப்பூ நிறம், கொஞ்சம் வேகம், ஆனால் ஒரு துடிப்பும் தவறவில்லை. பக்கத்துத் திரையில் பழைய பட்டையின் இதயம் சாம்பல் நிறத்தில் இடறி இடறி நடந்தது. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பழைய பட்டை எங்க குழலி?"

"எருமைக்கு ஒட்டிட்டேன் டாக்டர்" என்றாள் குழலி, கண்ணிமைக்காமல்.

"எருமைக்கா?"

"சும்மா. எப்படித் துடிக்குன்னு பாக்க."

டாக்டர் உதட்டை உள்ளிழுத்துக் கடித்துக்கொண்டார்.

"அந்த எருமைக்கு வயசாயிருச்சோ?"

"ஆயிட்டு. ஆனா ஒத்துக்கிடாது."

"முதுகு எல்லாம் நேரா இருக்குமோ?"

"ரொம்ப நேரா இருக்கும் டாக்டர்."

"வெளிய பாத்தா ஒல்லியா, திடமாத்தான் தெரியும். ஆனா துடிப்பை நடத்துற நரம்பு தளர்ந்துபோச்சு. விட்டா ஒரு நாள் ராஜா மாதிரி போயிரும்." அவர் குழலியிடம்தான் சொன்னார். ஆனால் குரல் என் பக்கம் வந்தது. "நாளைக்கே அதை மையத்துக்குக் கூட்டிட்டு வா. சின்னதா ஒரு கருவி வச்சா இன்னும் பல வருஷம் முட்டிக்கிட்டுத் திரியலாம்."

"அது வராது டாக்டர். மானம் பாக்கும்."

"பின்வாசல் இருக்கு. எருமைங்கள்லாம் அந்த வழியாத்தான் வரும்."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி எவரும் இப்படி என் முன்னாலேயே பேசியதில்லை. பதில் சொன்னால் நான்தான் அந்த எருமை என்றாகிவிடும். ஆகவே பேசாமல் இருந்தேன். அந்தப் பெண்கள் இருவரும் அதைத் தெரிந்துகொண்டே பேசினார்கள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் குழலி என் பக்கம் சாய்ந்தாள்.

"தாத்தா, எருமை விஷயம் வெளிய போகாது."

"ம்."

"ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன?"

"பங்குனி வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னைக்கே ஆரம்பிக்கணும். நடக்கணும். அம்மா வைக்கிறத எல்லாம் தின்ன மாட்டேன். நீங்க குறுக்க வரக் கூடாது."

"அண்டாவுல அடி தெரியும்மா. நம்ம வீட்டு அண்டாவுல."

"தெரியட்டும்." அவள் குரல் முதன்முறையாக விளையாட்டை விட்டு இறங்கியது. "ஜாடியில நாப்பது வச்சுப் பாத்தேன் தாத்தா. அதுக்குள்ள இருக்கது நான்லா?"

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இடறிக்கொண்டிருந்த இதயத்தை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அது ஒரு துடிப்பை விட்டது. என் நெஞ்சிலும் அதே நேரத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது.

"சரி" என்றேன். மேலவீட்டார் சொன்ன சொல் மாறுவதில்லை.

மறுநாள் எருமை பின்வாசல் வழியாகப் போய்வந்தது. அதற்கு மேல் அதைப்பற்றி எழுதுவதற்கில்லை. "பட்டை பழுது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று டாக்டர் குழுவுக்குச் சொல்லிவிட்டார்; அவர்களும் வெற்றிலை வைத்துவிட்டார்கள். புதுப் பட்டை வரும்வரை என்று சொல்லி ஜாடியை மையத்திலேயே வைத்துக்கொண்டார். அந்தப் புதுப் பட்டை வரப் பல மாதம் பிடிக்கும்படியும் அவரே பார்த்துக்கொண்டார்.

குழலி மாலைதோறும் கால்வாய்க்கரையில் நடந்தாள். முதல் வாரம் மதகுவரை போய்விட்டு உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு மதகைத் தாண்டினாள். தட்டில் சோற்றின் இடத்தைக் கீரையும் பயறும் பிடித்துக்கொண்டன. எல்லாரையும்விடக் கஷ்டப்பட்டவள் செண்பகவல்லிதான். பிள்ளை போதும் என்ற பிறகும் அவள் கை தானாகக் கரண்டியோடு எழும்பும். மறுகையால் அதைப் பிடித்துக்கொள்வாள்.

ஊருக்கு ஏதும் தெரியக் கூடாதே. ஆகவே நெய்யும் அரிசியும் வழக்கம்போல் தெருவறிய வந்து இறங்கின. பிள்ளைக்கென்று வடித்த நெய்ச்சோறு பின்கட்டு வழியாகத் தொழுவத்துக்குப் போனது. இது நிஜ எருமை. மார்கழிக்குள் அது வாசலில் நுழைய முடியாமல் பருத்தது. குழலியின் பாவாடைகளைச் செண்பகவல்லி பிடித்துத் தைக்கவே இல்லை. உள்ளே நாடாவைப் போட்டுச் சுருக்கிக் கட்டி, பழைய சுற்றளவிலேயே வெளியே அனுப்பினாள்.

கீழவீட்டிலும் நெய் இறங்கியது. எதிரில் பார்க்கும்போதெல்லாம் சிவனணைந்தபெருமாள் கேட்பார்: "என்ன அத்தான், பேத்தி எப்படி?"

"உம்ம பேரன் எப்படியோ, அதைவிட ஒருபடி மேல."

"அப்படியா! எங்க பயலுக்கு வாசல் இடிச்சுக் கட்டணும்போல இருக்கு."

போட்டிக்கு நானும் பிள்ளையின் பழைய எடைக்கு ஒரு வண்டிக் கருப்பட்டி சொன்னேன். அவரும் சொன்னார்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் மையத்துக்குப் போனோம். டாக்டர் குழலிக்குப் பட்டையை ஒட்டிவிட்டு ஜாடியின் உறையை எடுத்தார். இளஞ்சிவப்பில் ஒரு சின்ன இதயம் சுறுசுறுப்பாகத் துடித்தது. சுவர் இளைத்திருந்தது, அழுத்தம் இறங்கியிருந்தது. குழலி திருகை நாற்பதுக்குத் திருப்பினாள். அது கொஞ்சம் நிதானப்பட்டது. அவ்வளவுதான். அவள் அதை ஐம்பதுக்கும் அறுபதுக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செண்பகவல்லி மெல்ல ஆரம்பித்தாள். "மாமா, நாளைக்குப் பிள்ளை இடுப்புல வெள்ளி அரைஞாண், காலுக்குத் தண்டை, மடியில பித்தளைச் செம்பு ரெண்டு மறைச்சு..."

"தெய்வத்துக்கிட்ட எடை களவாடுற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது" என்றேன்.

"டாக்டர்கிட்ட மட்டுந்தான்" என்றாள் குழலி.

மறுநாள் சாஸ்தா கோயிலில் நிற்க இடமில்லை. ஆலமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக் கருப்பட்டியும் இரண்டு குன்றாகக் குவிந்திருந்தது. முதல் உரிமை மேலவீட்டுக்கு. குழலி நாடாவை அவிழ்த்துப் பாவாடையை உடம்புக்குப் பொருந்தக் கட்டிக்கொண்டு வந்து தட்டில் அமர்ந்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

பூசாரி கொம்பையா கருப்பட்டியை அள்ளி மறுதட்டில் வைத்தார். குன்றில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே தட்டு சமநிலைக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்ததும் முள் நடுவில் நின்றது. எங்கள் குன்றில் பெரிய மிச்சம். குலவை வரவில்லை. எல்லாரும் மிச்சத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சிவனணைந்தபெருமாளின் வாயை எதிர்பார்த்து நின்றேன். அவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வேலாயுதம் வந்தான். தொளதொளத்த சட்டையைக் கழற்றி வீசிவிட்டுத் தட்டில் ஏறினான். பையனுக்குத் தோள் தெரிந்தது, கழுத்து தெரிந்தது. கீழவீட்டுக் குன்று எங்களுடையதைவிடப் பெரிதாக மிஞ்சியது.

"என்னய்யா இது?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல அத்தான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆடியிலயே எங்க வீட்டு ஜாடியத் திருகிப் பாத்தேன். முப்பத்தெட்டுல நின்னுபோச்சு. துடிக்கவே இல்ல. பெறவு அவனுக்கு ஊட்டக் கை வரல. உம்மகிட்ட சொன்னா சிரிப்பீருன்னு நெய்யா வாங்கி எறக்கினேன்."

"அந்த நெய்யை என்ன செஞ்சீரு?"

"நாந்தான் தின்னேன். வேற யாரு இருக்கா?" அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். அது உண்மையென்று தெரிந்தது.

குழலியும் வேலாயுதமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் எனக்கு மற்றதும் விளங்கிவிட்டது.

"கால்வாய்க்கரையில தனியாவா நடந்த?" என்றேன்.

"தனியா நடந்தா போரடிக்கும்லா தாத்தா? டாக்டர்தான் ரெண்டு வீட்டையும் ஒரே கரையில விட்டாங்க" என்றாள் குழலி. கூட்டத்தின் ஓரத்தில் டாக்டர் நஸ்ரின் மலையை ரசித்துக்கொண்டிருந்தார்.

இரு வீட்டாரும் வண்டியில் மிச்சத்தை ஏற்றப் போனோம். கொம்பையா குறுக்கே வந்து நின்றார். "சந்நிதிக்கு வந்த கருப்பட்டி திரும்பிப் போகக் கூடாது. எடை போடாமக் கரைக்கவும் கூடாது. ரத்த உறவு யாராச்சும் தட்டுல ஏறுங்க."

"நீர் ஏறும்" என்றேன் சிவனணைந்தபெருமாளிடம்.

"நான் ஏறினா இன்னும் ரெண்டு வண்டி கருப்பட்டி வேணும். நீருதான் வத்தல். ஏறும்வே அத்தான்."

ஊர் முழுக்க நிற்கிறது. மறுத்தால் சாமிக் குற்றம். செருப்பைக் கழற்றிவிட்டு, பதினைந்து வயதில் ஏறாத தட்டில் எழுபத்திரண்டில் ஏறினேன். சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு மிச்சம் முழுவதையும் மறுதட்டில் வைத்தார்கள். நான் அசையவில்லை. கீழவீட்டு மிச்சத்தை அள்ளி அதோடு சேர்த்தார்கள். கடைசிக் கட்டி விழுந்ததும் நான் தரையை விட்டு எழும்பினேன். முள் நடுவில் நின்றது.

குழலி வேலாயுதத்தின் விலாவில் இடித்தாள். அவள் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது முன்வரிசை முழுக்கக் கேட்டது.

"பாருலே. நாம ரெண்டு பேரும் இத்தனை நாளா எங்க தாத்தாவைத்தான் தூக்கிக்கிட்டு நடந்திருக்கோம்."

கூட்டம் சிரித்தது. சிவனணைந்தபெருமாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எதிர்த்தட்டில் இருந்த கருப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து இறங்கியது இவ்வளவா என்று பார்த்தேன். அதில் எவ்வளவை என் வாயாலேயே பரிமாறச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பிற்பாடு அண்டாக்கள் நிரம்பின. மேலவீட்டு அண்டாவில் அடி தெரியவில்லை, கீழவீட்டிலும் தெரியவில்லை. அதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

"இறக்குங்க" என்றேன்.

குலவை நிற்குமுன் தட்டை இறக்கக் கூடாது என்றார் கொம்பையா. அன்றைக்குக் குலவையைத் தொடங்கியவள் குழலி. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய பெண் ஆலமரத்தடியில் நின்று, நாக்கைச் சுழற்றி, என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே குலவையிட்டாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக மூச்சு விட்டு நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை.

நான் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருந்தேன்.